அடியில் எஞ்சும் எண்ணெய்

ஹட்டனுக்கு அருகே, கொட்டகலையில் ஓர் எண்ணெய்க் களஞ்சியம் உண்டு. கொழும்பிலிருந்து புகையிரதத் தாங்கிகளில் ஏறிவரும் எரிபொருள் இங்கிருந்தே தோட்டங்களுக்குப் பிரிந்து செல்கிறது. லயத்துக் குப்பி விளக்கில் எரிந்த மண்ணெண்ணெயின் வரலாற்றைத் தேடினால் அது நம்மைச் சப்புகஸ்கந்தைக்கு இட்டுச் செல்லும்.

1961இல் இலங்கை பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. 1962இல் ஷெல், எஸோ, கல்டெக்ஸ் கம்பனிகளின் சொத்துக்கள் சில அரசுடைமையாயின. அதற்கான நட்டஈட்டுத் தகராறினால் 1963இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. 1969இல் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு 38,000 பீப்பாய் கொள்ளளவு. பின்னர் அது 50,000 ஆகியது. ஈரானிய மென்ரக மசகு எண்ணெய்க்கு அது பழகியிருந்தது.

ஆலையின் இதயம் வடிகோபுரம். உலையில் ஏறத்தாழ 350 பாகைக்குச் சூடாக்கப்பட்ட மசகு எண்ணெய் அதன் கீழ்ப்பகுதியில் நுழைகிறது. ஆவி மேலெழும்போது தட்டுத் தட்டாகக் குளிர்ந்து பிரிகிறது. உச்சியில் வாயுவும் நாப்தாவும், இடையில் மண்ணெண்ணெய், அதற்குக் கீழே டீசல். ஆவியாகாத கரிய குழம்பு அடியில் தங்குகிறது. அதனை மேலும் சூடாக்கினால் மூலக்கூறுகள் சிதைந்து, உலைக் குழாய்களில் கரி படியும். ஆகவே, காற்றழுத்தம் குறைக்கப்பட்ட இன்னொரு கோபுரத்தில், தாழ்ந்த வெப்பத்திலேயே அதனைக் கொதிக்க வைக்கின்றனர். அங்கும் எஞ்சுவதிலிருந்து வீதிக்குத் தாரும் உலை எண்ணெயும் கிடைக்கின்றன.

சிக்கலும் இந்த அடியிலேயே இருக்கிறது. எஞ்சிய எண்ணெயை டீசலாக உடைத்தெடுக்கும் பெரிய சாதனங்களுடன் இவ்வாலை கட்டப்படவில்லை. உலை எண்ணெயை யாரேனும் எரித்தாக வேண்டும். 1984 முதல் அருகிலுள்ள அனல் மின் நிலையம் அதனை எரித்தது. ஆனால் காசல்ரீயிலும் மவுசாகலையிலும் நீர் நிறைந்து லக்ஷபான மின்னிலையங்கள் முழுவீச்சில் சுழன்றால், அனல் மின்னுக்குத் தேவை குறையும். எண்ணெய் தாங்கிகளில் தேங்கும். தாங்கி நிரம்பினால் கோபுரத்தையும் தணிக்க வேண்டும். அப்போது மண்ணெண்ணெயும் குறையும். மலையில் பெய்யும் மழைக்கும் ஆலையின் அடிக்குழம்புக்கும் இப்படியொரு தொடர்பு!

தேயிலைத் தொழிற்சாலைகளும் ஒரு காலத்தில் உலர்த்திகளுக்கு எண்ணெய் எரித்தன. 1973இல் உலகச் சந்தையில் விலை பன்மடங்கு உயர்ந்தபின், விறகே மீண்டும் உலைகளை ஆளத் தொடங்கியது.

2012இல் ஈரான் மீதான தடைகள் ஆலைக்குப் பழகிய எண்ணெயைப் பறித்தன. 2021 நவம்பரில், மசகு எண்ணெய் வாங்க டொலர் இன்றி ஆலையே மூடப்பட்டது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. நாட்கூலியை எண்ணி வாழும் குடும்பங்களுக்கு அது எத்தகைய அடி என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆலையை நவீனப்படுத்துவது குறித்துப் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. அடியில் எஞ்சுவதைப் பயனுள்ளதாக்கும் சாதனம் வந்தால் அதே பீப்பாயில் கூடுதல் டீசல் கிடைக்கும். வெளிநாட்டுச் செலாவணியும் மிஞ்சும். அந்தச் செலாவணியைத் தேயிலை கொய்து ஈட்டித்தந்தோர், மண்ணெண்ணெய் வரிசையில் போத்தலுடன் நின்றவர்கள். ஆலையின் எதிர்காலத்தைக் கணக்கிடுவோர் அவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.