விளக்கு யார் சொல் கேட்கும்?



கடையில் வாங்கிய சாதாரண எல்.இ.டி. மேசை விளக்கை, செல்போனுக்குக் கட்டுப்படும் ஸ்மார்ட் விளக்காக வீட்டிலேயே பலர் மாற்றிக்கொள்கிறார்கள். பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் இதற்குப் பின்னால் அறுபது ஆண்டு வரலாறு இருக்கிறது.

1962-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலோனியாக் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். பிறகு பச்சையும் மஞ்சளும் வந்தன. பளிச்சென்ற நீலம் மட்டும் முப்பது ஆண்டுகள் பிடிகொடுக்கவில்லை. நீலம் கிடைத்தால்தான் வெள்ளை ஒளி கிடைக்கும். வெள்ளை ஒளி கிடைத்தால்தான் வீட்டுக்கு விளக்காகும். ஜப்பானில் அகாசாகியும் அமானோவும் அதற்கு வழி திறந்தார்கள். நிச்சியா நிறுவனத்தில் இருந்த நகமுரா 1993-இல் பிரகாசமான நீல எல்.இ.டி.யை அறிவித்தார். நீலத்தின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச, வெள்ளை ஒளி பிறந்தது. மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே 2014-இல் ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனத்திடமிருந்து ஈ.எஸ்.பி. 8266 என்ற வைஃபை சிப் மலிவு விலையில் வெளிவந்தது. அதற்கான விளக்கக் குறிப்புகள் முதலில் சீன மொழியில்தான் இருந்தன. உலகெங்கும் ஆர்வலர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்துப் பகிர்ந்தார்கள். அதனால்தான் அது நம் கைக்கும் வந்தது.

மாற்றும் முறை இதுதான். யு.எஸ்.பி. வழியாக 5 வோல்ட்டில் எரியும் விளக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். சிப் தரும் மின்னோட்டம் விளக்கை எரிக்கப் போதாது. ஆகவே நடுவில் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரை வைக்கிறோம். வாய்க்கால் மதகைப் போல, சிறிய விசையால் பெரிய ஓட்டத்தைத் திறந்து மூட அது உதவும். நொடிக்குப் பல நூறு முறை அணைத்து அணைத்து எரியவிட்டால், நம் கண்ணுக்கு ஒளி மங்கியதாகத் தெரியும். இழை பல்பு போலன்றி எல்.இ.டி. உடனுக்குடன் எரிந்து அணையும்.

ஸ்மார்ட் பல்புகள் கடையிலேயே கிடைக்கின்றனவே என்பீர்கள். உண்மைதான். பிலிப்ஸ் ஹியூ 2012-லேயே வந்துவிட்டது. ஆனால் 2022 ஏப்ரலில் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனம் முன்னறிவிப்பின்றித் தன் சர்வர்களை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களின் செல்போன் செயலி ஒரே நாளில் செயலிழந்தது. சில மாதங்களில் அதன் வாடிக்கையாளர்கள் சிலரே அந்த நிறுவனத்தை வாங்கி, மறுபடியும் இயக்கினார்கள். நாமே பொருத்திய சிப்பில் டாஸ்மோட்டா போன்ற இலவச மென்பொருளை ஏற்றினால், கட்டளை வீட்டு வைஃபையைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. எந்த நிறுவனம் மூடினாலும் விளக்கு எரியும்.

ஒரு எச்சரிக்கை: 230 வோல்ட் மின்சாரத்தில் நேரடியாக எரியும் பல்பைப் பிரிக்கவே கூடாது. உயிருக்கு ஆபத்து. 5 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விடுமுறையில் பிள்ளைகளை உட்காரவைத்து இதைச் செய்யுங்கள். வாங்குவது மட்டுமே பயன்பாடு அல்ல, திறந்து பார்த்துப் புரிந்துகொள்வதும்தான் என்று அவர்களுக்குத் தெரியட்டும். செய்தவர்கள் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.