படிகாரமும் சுண்ணாம்பும்: மதுரை அச்சேறிய தாளின் கதை

கூடல் மாநகரில் 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் பாலவநத்தம் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். மறு ஆண்டில் ரா. இராகவையங்காரை ஆசிரியராகக் கொண்டு 'செந்தமிழ்' தோன்றிற்று. 1904 ஜூலையில் இந்நகரின் 'விவேகபானு' இதழில் பாரதியாரின் 'தனிமை இரக்கம்' வெளிவந்தது. கரையானுக்கும் செல்லுக்கும் அஞ்சி ஓலையிலிருந்து அச்சுக்கு வந்த தமிழுக்கு, தாளுக்குள்ளேயே வேறொரு பகை காத்திருந்தது.

அப்பகை படிகாரம். தாள் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். கரிசல் பருத்தியிலும் மரத்திலும் வைக்கோலிலும் இருப்பது அப்பொருளே. பசை ஏற்றாத தாளில் மை பரந்துவிடும். ஆகவே ஐரோப்பியர் விலங்குப் பசையில் தாளைத் தோய்த்தனர். இந்நாட்டார் மாவுக் கஞ்சி பூசி வழுவழுப்பான கல்லால் தேய்த்தனர். 1807இல் ஜெர்மானியரான மோரிட்ஸ் இல்லிக், பைன் மரப் பிசினையும் படிகாரத்தையும் கூழிலேயே கலக்கும் முறையை வெளியிட்டார். எந்திர ஆலைகளுக்கு இதனினும் எளிய வழி வேறில்லை. ஆயின் படிகாரம் ஈரத்தோடு கூடி அமிலத்தை ஈனும். அவ்வமிலம் செல்லுலோஸின் நெடுஞ்சங்கிலியை இடையிடையே அறுக்கும். மதுரைக் கோடை போன்ற வெப்பம் அவ்வேலையை விரைவுபடுத்தும். மடித்த மூலை ஒடிவதும், புரட்டிய ஏடு பொடியாவதும் இதனாலேயே.

அமிலம் எந்நாளும் பகை என்பதற்கில்லை. பசை ஏற்றாத தாளை அடர்ந்த கந்தக அமிலத்தில் சில நொடிகள் தோய்த்து உடனே கழுவினால், இழைகளின் மேற்பரப்பு கூழாகப் பருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உலரும்போது தாள் அளவிற் சுருங்கித் தோல்போல் உரம் பெறும். எண்ணெயும் அதனுள் எளிதில் ஊறாது. 1840களில் பிரான்சில் கண்ட முறை இது. கடிய அமிலம் நொடிப்பொழுதில் வலுவூட்டுகிறது. கழுவப்படாமல் தங்கிய மென்மையான அமிலமோ சில பத்தாண்டுகளில் நூலை உதிர்க்கிறது! நூலகங்களின் துயரமெல்லாம் அக்கழுவாமையில் அடங்கும்.

இதற்கு மருந்து சுண்ணாம்பு. வெற்றிலைச் செல்லத்தில் அதனை நாளும் கண்ட நாட்டுக்கு, மருந்தின் முறை மட்டும் அமெரிக்காவிலிருந்து வந்தது. வர்ஜீனியாவைச் சேர்ந்த வில்லியம் பாரோ 1940களில் தாளை முதலில் தெளிந்த சுண்ணாம்பு நீரிலும், பின்னர் கால்சியம் பைகார்பனேட் நீரிலும் ஊறவைக்கும் முறையை வகுத்தார். முன்னது அமிலத்தைத் தணிக்கும்; பின்னது இழைகளிடையே கால்சியம் கார்பனேட்டைக் காவலாக விட்டுச் செல்லும். செய்வது எளிதன்று. கட்டைப் பிரிக்க வேண்டும். மை கரையுமா என ஒவ்வொரு ஏட்டிலும் சோதிக்க வேண்டும். நனைந்த தாள் விரியும், உலர்கையில் சுருங்கும். ஆதலின் ஒற்றுத்தாள்களிடையே அழுத்தி உலர்த்த வேண்டும். இழந்த வலிமையோ மீளாது.

கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களும் இதழ்களும் 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பெற்று, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அங்கு நுண்படச்சுருளில் எடுத்தபோது எழுத்து பிழைத்தது; தாளின் நோய் தாளிலேயே நின்றது. அதே 1994இல், நிலைத்து நிற்கும் தாளுக்கெனப் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு ஒரு தரத்தை வெளியிட்டது. அத்தகைய தாளில் நூற்றுக்கு இரண்டு பங்கேனும் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரம் இருத்தல் வேண்டும்.