மணல் மேல ஏறின கதை

இந்த எபிசோட் ஒரு ரப்பர் பெல்ட்டைப் பத்தினது. ரெடிமிக்ஸ் காங்கிரீட் பிளான்ட் பக்கமா போறப்போ பார்த்திருப்பீங்க. தரையில இருந்து சாய்வா ஒரு பெல்ட் கிளம்பி, ஜல்லியையும் மணலையும் மூணு மாடி உயரத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டும். சில பெல்ட் வழுவழுன்னு இருக்கும். சிலதுல வயல் வரப்பு மாதிரி வரிசையா ரப்பர் மேடுகள், அம்புக்குறி வடிவத்துல. அதுக்குப் பேர் செவ்ரான் பெல்ட். அந்த வரப்பு எதுக்கு, அதுக்கு என்ன விலை கொடுக்கிறோம்ங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

ரொம்பப் பின்னாடி போவோம். கி.பி. 186 வாக்கில், சீனாவின் லோயாங் நகரத்துல பி லான்னு ஒரு கைவினைஞர் தண்ணி ஏத்துற இயந்திரம் செஞ்சதா சீன வரலாற்று ஏடுகள் சொல்லுது. அது சங்கிலியில சின்னச் சின்ன மரப்பலகைகளைக் கோத்து, சாய்வான தொட்டிக்குள்ள இழுக்கிற வகைன்னு ஆய்வாளர்கள் கருதுறாங்க. ஒவ்வொரு பலகையும் கொஞ்சம் தண்ணியைத் தள்ளிக்கிட்டு மேல போகும். பார்க்க எலும்புக் கோவை மாதிரி இருக்கிறதால, அந்த வகைக்கு டிராகன் முதுகெலும்புன்னு பேர் வந்துச்சு. பலகையை எடுத்துட்டு வெறும் பட்டையை ஓட்டினா என்ன ஆகும்? தண்ணி அங்கேயே நிக்கும், பட்டை மட்டும் மேல போகும். சாய்வுல ஏத்தணும்னா பிடிச்சுக்க ஏதாவது வேணும். செவ்ரான் பெல்ட்டோட யோசனையும் இதுதான்.

அடுத்தது அமெரிக்கா. ஆலிவர் எவன்ஸ், 1780-கள்ல டெலவேர் பக்கம் ஒரு மாவு மில்லையே கிட்டத்தட்ட ஆள் இல்லாம ஓட வச்சவர். 1790-ல அமெரிக்க அரசு கொடுத்த மூணாவது காப்புரிமை இவருக்குத்தான். அவரோட மில்லுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. தானியத்தை மேல தூக்க, பட்டையில வரிசையா சின்னச் சின்ன வாளிகளைக் கட்டினாரு. கீழ்ச்சாய்வா கொண்டு போக மட்டும் அகலமான வெறும் பட்டை. இறக்குறதுக்கு வெறும் பட்டை போதும், ஏத்துறதுக்குப் போதாதுன்னு அந்த மனுஷனுக்கு அப்பவே தெளிவா தெரிஞ்சிருக்கு.

நூறு வருஷம் கழிச்சு ரப்பர் உள்ள வருது. நியூ ஜெர்சியில தாமஸ் எடிசன் (பல்பு எடிசனேதான்) இரும்புத் தாதுவை அரைச்சுப் பிரிக்கிற பெரிய ஆலை ஒண்ணு நடத்துறாரு. அங்க துணி பெல்ட் சீக்கிரம் சீக்கிரமா கிழிஞ்சுது. 1890-களின் தொடக்கத்துல அங்க போன தாமஸ் ராபின்ஸ்ங்கிற இளைஞர், ரப்பர் விக்கிறவரு, ஒண்ணைக் கவனிச்சாரு: உரசல்ல துணிதான் தேயுது, மேல இருக்கிற மெல்லிசான ரப்பர் பூச்சு தாக்குப்பிடிக்குது. அப்போ ரப்பரைத் தடிமனாக்கினா? ஆக்கினாரு. 1900 பாரிஸ் கண்காட்சியில பெரிய பரிசே வாங்கினாரு. எடிசனுக்கு அந்தத் தாது ஆலையில பெரும் நஷ்டம். பெல்ட் மட்டும் பிழைச்சுக்கிச்சு.

ஆனா ராபின்ஸோட ரப்பருக்கும் எவன்ஸுக்குத் தெரிஞ்ச அதே பிரச்சனைதான். நிலக்கரி, ஈர மணல் மாதிரிச் சரக்கை வழுவழு பெல்ட் சுமாரா 18-ல இருந்து 20 டிகிரி வரைக்கும்தான் ஏத்தும். உருண்டையான கூழாங்கல்லுன்னா இன்னும் கம்மி. ரப்பர் மேல கல்லை வச்சு மெதுவா சாய்ச்சுப் பாருங்க, இதைவிட நிறைய டிகிரி தாங்கும். ஓடுற பெல்ட்டுல ஏன் தாங்கல? ரெண்டு ரோலருக்கு நடுவுல பெல்ட் கொஞ்சம் தொய்யும். அடுத்த ரோலர் மேல ஏறுறப்போ ஒரு குலுக்கல். ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு குலுக்கல்னா, சரக்கு கொஞ்சம் கொஞ்சமா பிடி விட்டுச் சறுக்க ஆரம்பிக்கும்.

இங்கதான் நிலத்தோட விலை கணக்குக்குள்ள வருது. 10 மீட்டர் உயரம் ஏத்தணும்னு வைங்க. 18 டிகிரியில கிட்டத்தட்ட 31 மீட்டர் தரை வேணும். 30 டிகிரின்னா 17 மீட்டர் போதும். ஊருக்கு நடுவுல இருக்கிற பிளான்டுக்கு அந்த 14 மீட்டர்ங்கிறது ரெண்டு லாரி நிக்கிற இடம். அதனாலதான் வரப்பு வச்ச பெல்ட். வரப்பைத் தனியா ஒட்ட மாட்டாங்க. ரப்பரை அச்சுல வேக வைக்கிறப்பவே பெல்ட்டோட சேர்ந்து ஒரே உடம்பா வரும். அதனால சுலபத்துல உரிஞ்சு போகாது. உயரம் பெரும்பாலும் 15-ல இருந்து 32 மில்லிமீட்டர். மூட்டை, அட்டைப்பெட்டின்னா இந்த வரப்பே வேண்டாம். சொரசொரன்னு மேல்பரப்பு இருக்கிற ரஃப் டாப் பெல்ட் போதும். ஈரமான சரக்குன்னா, நடுவுல இடைவெளி விட்ட வரப்பு நல்லது, தண்ணி வடியும். சரக்குல வரப்பைவிட ரொம்பப் பெரிய கல் இருந்தா, வரப்பு அதைப் பிடிக்காது. கல் தாண்டி உருண்டு கீழ வரும். கீழ ஆள் நிப்பாங்க.

சரி, விலைக்கு வருவோம். வழுவழு பெல்ட்டுல ஒட்டினதை ஒரு பிளேடு வச்சு வழிச்சு எடுத்துடலாம். அதுதான் ஸ்கிரேப்பர். வரப்பு மேல பிளேடு வச்சா ஒண்ணு பிளேடு போகும், இல்லைன்னா வரப்பு போகும். சுழல்ற பிரஷ் வைக்கணும், இல்ல தண்ணி பீய்ச்சணும், இல்ல பெல்ட்டை அடியில இருந்து தட்டி உதறணும். எதுவும் பிளேடு அளவுக்குச் சுத்தம் பண்ணாது. ஒட்டின களிமண் பெல்ட்டோட திரும்பி வர்ற வழியெல்லாம் உதிரும், ரோலர்ல ஏறி உருண்டை கட்டும், பெல்ட் ஒரு பக்கமா இழுக்கும். திரும்பி வர்ற பக்கத்துல வரப்பு கீழ பார்த்து ஓடுறதால, சாதா ரோலர்ல பட்டு தடதடன்னு அடிக்கும். அதுக்குன்னு ரப்பர் வளையம் போட்ட ரோலர் தனியா வாங்கணும். பெல்ட் வாங்குற அன்னைக்குப் பலரும் இதைக் கணக்குல சேர்க்கிறதில்லை. என் கருத்து, செவ்ரான் பெல்ட்டோட நிஜ விலை பெல்ட் பில்லுல இல்லை, அதைச் சுத்தம் பண்றவரோட சம்பளப் பட்டியல்ல இருக்கு.

தேங்கின சரக்கும் உரசலும் சேர்ந்தா என்ன நடக்கும்னு 1950-ல இங்கிலாந்து பார்த்துச்சு. டெர்பிஷைர்ல கிரெஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம், செப்டம்பர் 26, விடியறதுக்கு முன்னாடி. அது வரப்பு வச்ச பெல்ட் இல்ல, சாதா ரப்பர் பெல்ட்தான். ஒரு பெல்ட்டுல இருந்து இன்னொண்ணுக்குச் சரக்கு மாறுற இடத்துல பெல்ட் கிழிஞ்சுது. கிழிஞ்ச ரப்பர் சரிவுப் பெட்டிக்குள்ள அடைச்சுக்கிச்சு. மேல பெல்ட் ஓடிக்கிட்டே இருந்துச்சு. உரசி உரசித் தீப்பிடிச்சுது. ரப்பர் எரிஞ்ச புகை காத்தோட சேர்ந்து, ஆட்கள் வேலை செஞ்ச பகுதிக்குள்ள போச்சு. 80 பேர் செத்துப் போனாங்க, பெரும்பாலானவங்க கார்பன் மோனாக்சைடால. தீயை அணைக்கச் சுரங்கத்தோட அந்தப் பகுதியைக் காத்துப் போகாம அடைக்க வேண்டியதாச்சு. உள்ள மாட்டின சிலரோட உடல்கள் அடுத்த வருஷம்தான் வெளிய வந்துச்சு. பிரிட்டிஷ் சுரங்கங்கள் நெருப்புப் பிடிக்காத பிவிசி பெல்ட்டுக்கு மாறினது இந்த விபத்துக்கு அப்புறம்தான்.

நம்ம ஊர்ல இந்த ஆபத்தோட முகம் வேற: கை. பெல்ட் ஓடுறப்பவே கம்பியாலயோ மண்வெட்டியாலயோ ரோலர்ல ஒட்டினதை எடுக்கிற பழக்கம். பெல்ட் ஒரு நொடிக்கு ஒன்றரை மீட்டர் போகுதுன்னு வைங்க. 'ஐயோ'ன்னு தோணி கையை இழுக்க அரை நொடி. அதுக்குள்ள பெல்ட் 75 சென்டிமீட்டர் போயிடும், ஒரு கையோட நீளம். 2025 வரைக்கும் அமல்ல இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 22-ஆவது பிரிவு இதுக்குன்னே எழுதினது. ஓடுற இயந்திரத்துக்கிட்ட பரிசோதனையோ எண்ணெய் விடுறதோ தவிர்க்க முடியாதுன்னா, அதுக்குன்னு பயிற்சி எடுத்த, வயது வந்த ஆண் தொழிலாளி, உடம்போட ஒட்டின உடுப்புல மட்டும்தான் செய்யலாம்னு அது சொல்லுச்சு. அந்த உடுப்பையும் முதலாளிதான் கொடுக்கணும்னு அதுல இருந்துச்சு. அதாவது, தொங்குற லுங்கிக்கும் தோள்ல போட்ட துண்டுக்கும் அங்க இடமில்லை.

இன்னொண்ணு, சாய்வு பெல்ட்டுக்கே உரியது. கரண்ட் போச்சுன்னா தரைமட்ட பெல்ட் சும்மா நிக்கும். முழுச்சுமையோட மேட்டுல இருக்கிற பெல்ட் பின்னோக்கி ஓடும். ஏத்தின சரக்கு மொத்தமும் கீழ் முனைக்கு வந்து குவியும். அதைத் தடுக்க, ஒரு திசையில மட்டும் சுத்த விடுற ஹோல்ட்பேக்னு ஒண்ணு டிரைவ் பக்கம் இருக்கணும். வரப்பு வச்சுச் சாய்வைக் கூட்டக் கூட்ட, பின்னோக்கி இழுக்கிற பலமும் கூடும். பழைய 18 டிகிரி பெல்ட்டுக்குப் போட்ட ஹோல்ட்பேக்கை அப்படியே வச்சுக்கிட்டு 30 டிகிரிக்கு மாத்துறது தப்பு.

கடைசியா, பெல்ட் ஓரமா நீளத்துக்கும் ஒரு கயிறு ஓடும். புல் கார்டுன்னு சொல்வாங்க. எங்க இருந்து இழுத்தாலும் பெல்ட் நிக்கணும். உங்கள்ல யாராவது சைட் இன்ஜினியரா இருந்தா, நாளைக்கு காலையில, சரக்கு ஏத்துறதுக்கு முன்னாடி, அதை ஒரு தடவை இழுத்துப் பாருங்க. பல இடத்துல அது துணி காயப்போடுற கொடியா மாறியிருக்கும்.