கிச்சடியும் பொங்கலும்: ஒரு நட்பு வழக்கு

தலைநகராகிய தில்லியில் குளிர்காலம் தொடங்கிவிட்டால் விவாதங்களுக்குக் குறைவிராது. இளவெயில் படரும் மொட்டைமாடியிலே நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்துவிட்டால், நாட்டு நடப்பு முதல் நாவின் சுவை வரையில் எல்லாம் ஆராய்ச்சிக்கு உரியனவாகிவிடும். அத்தகையதொரு மார்கழிக் காலையில், கோயிலிலிருந்து கொண்டுவந்த வெண்பொங்கலில் ஒரு பகுதியை அடுத்த வீட்டு நண்பருக்கு அளித்தேன். அவர் லக்னோ நகரத்தவர். ஒரு கவளம் உண்டதும், "இது எங்கள் கிச்சடியேதான்! மிளகு சேர்த்திருக்கிறீர்கள், அவ்வளவே" என்றார்.

எனக்குச் சற்றே ரோஷம் உண்டாயிற்று. "கிச்சடி காய்ச்சல் கண்டவனுக்குக் கொடுக்கும் பத்தியம். பொங்கலோ தெய்வத்திற்குப் படைக்கும் அமுது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?" என்று கேட்டுவிட்டேன். நண்பர் சிரித்தார். ஆயினும் அந்தச் சிரிப்பில் சிறிது வருத்தம் கலந்திருந்தது. பின்னர் அவரே சொன்னார்: அவருடைய தாயார் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். ஐந்து குழந்தைகளை வளர்த்து ஆளாக்கிய அந்த அம்மையாரின் வீட்டில், பல ஆண்டுகள் இரவு உணவு கிச்சடி ஒன்றுதான். "பத்தியம் என்கிறீர்கள். எங்கள் ஐவருக்கும் உயிர் கொடுத்தது அதுதான்" என்றார்.

அன்று நான் வாய் மூடிக்கொண்டேன். வழக்கு மட்டும் என் மனத்தில் முடியவில்லை. எளிய உணவு என்பதனாலேயே ஒன்றை இழிவாக எண்ணலாமா? இதற்கு வரலாறு என்ன விடை தருகின்றது? அதைத்தான் நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் பெயரைக் காண்போம். வடமொழியில் 'கிருசரம்' என்றொரு சொல் உண்டு. அரிசியோடு எள்ளையோ பருப்பையோ சேர்த்துச் சமைத்த உணவை அது குறித்தது. கிச்சடி என்னும் பெயர் இத்தகைய பழஞ்சொற்களின் வழி வந்தது என்பர். நம் தமிழ்நாட்டில் இன்று கிச்சடி என்றால், ரவையுடன் காய்கறி சேர்த்துக் கிண்டும் சிற்றுண்டியே பெரும்பாலோர் நினைவிற்கு வரும். பெயர் தெற்கே வந்தபொழுது பொருள் மாறிவிட்டது. வடக்கே கிச்சடி என்பது அரிசியும் பருப்பும் குழைய வெந்த உணவேயாகும்.

தில்லியில் இவ்வுணவிற்குச் சாட்சி சொல்ல ஒரு பெரிய யாத்திரிகர் இருக்கின்றார். மொராக்கோ நாட்டிலிருந்து புறப்பட்டுப் பல தேசங்களைக் கண்ட இபன் பதூதா, 1334ஆம் ஆண்டில் தில்லிக்கு வந்து, முகம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் நீதிபதிப் பதவி வகித்தவர். பிற்காலத்தில் மதுரை வரையிலும் சென்றவர். பாசிப்பயற்றை அரிசியுடன் சேர்த்துச் சமைத்து, நெய் விட்டு மக்கள் உண்கிறார்கள் என்றும், அதற்குக் 'கிஷ்ரி' என்று பெயர் என்றும், அதுவே அவர்களுடைய அன்றாடக் காலையுணவு என்றும் அவர் குறித்திருக்கின்றார். தம்முடைய நாட்டில் 'ஹரீரா' என்னும் கஞ்சி எப்படியோ, அப்படியே இங்கு இது என்று ஒப்பிட்டும் காட்டுகின்றார். அயல்நாட்டு உணவைக் கண்டு முகம் சுளிக்காமல், தம் வீட்டு உணவை நினைத்துக்கொண்ட அவருடைய பண்பு போற்றத்தக்கது. அந்தப் பண்பு மாடியில் அமர்ந்திருந்த எனக்கு இல்லாமற் போயிற்றே என்று பின்னர் எண்ணிக்கொண்டேன்.

அந்த யாத்திரிகரே வரகு, சாமை முதலான சிறு தானியங்களையும் குறிப்பிடுகின்றார். அவற்றுள் சாமையை ஏழைகளும் துறவிகளும் உண்டனர் என்பது அவர் கூற்று. இங்கே நம் சங்க நூலாகிய பெரும்பாணாற்றுப்படையை நினைவுகூர்தல் தகும். முல்லை நிலத்து மக்கள் வரகுச் சோற்றோடு வேகவைத்த அவரைப் பருப்பைச் சேர்த்து விருந்தினர்க்கு இட்டனர் என்று அந்நூல் கூறுகின்றது. சோற்றைப் பூளைப் பூவிற்கும் பருப்பை வேங்கைப் பூவிற்கும் ஒப்பிடுகின்றார் புலவர். தானியமும் பருப்பும் கூடிய உணவு வடக்கிலிருந்து தெற்கே வந்ததா, தெற்கிலிருந்து வடக்கே சென்றதா என்ற வினாவிற்கே இடமில்லை. புன்செய் உழவன் எங்கெங்கு இருந்தானோ, அங்கெல்லாம் அவன் நிலத்தில் தானியமும் பயறும் சேர்ந்தே விளைந்தன. ஆகவே அவன் அடுப்பிலும் அவை சேர்ந்தே வெந்தன.

அடுத்த நூற்றாண்டில் கிச்சடியின் நிலை விந்தையானது. 1443ஆம் ஆண்டில் விசயநகரத்திற்குத் தூதராக வந்த பாரசீகர் அப்துர் ரசாக், அரசனுடைய யானைகளுக்குக் கிச்சடியை உருட்டி, நெய்யில் தோய்த்து ஊட்டியதைக் கண்டு எழுதியிருக்கின்றார். 1470ஐ ஒட்டிய ஆண்டுகளில் பீதர் நகரில் தங்கியிருந்த ருஷ்ய வணிகர் நிகிதின், குதிரைகளுக்குக் கிச்சடி கொடுக்கப்பட்டதைக் குறித்திருக்கின்றார். ஏழையின் காலையுணவு அரசனுடைய யானைக்கும் தீனியாயிற்று. உழைக்கும் உடலுக்கு வலிமை தருவது எதுவென்று பாகனுக்கும் தெரிந்திருந்தது, வண்டியோட்டிக்கும் தெரிந்திருந்தது. பல்லக்கில் ஏறியவர்களுக்கு மட்டும் அதனைப் புரிந்துகொள்ளச் சிறிது காலம் வேண்டியிருந்தது போலும்.

மொகலாயர் காலத்தில் கிச்சடி அரண்மனையினுள் நுழைந்தது. அக்பரின் அவையில் விளங்கிய அபுல் பசல், தம்முடைய 'அயினி அக்பரி'யில் சமையலறைக் கணக்கையும் எழுதி வைத்திருக்கின்றார். இறைச்சி சேராத உணவுகளின் வரிசையில் கிச்சடியும் இடம்பெறுகின்றது. அரிசி 5 சேர், பருப்பு 5 சேர், நெய் 5 சேர் என்பது அதன் அளவு. அரிசிக்குச் சமமாக நெய்! இதைக் கேட்ட என் லக்னோ நண்பர், "என் தாயார் செய்த கிச்சடியில் நெய் என்பது மணத்திற்கு மட்டுமே" என்று சொல்லிச் சிரித்தார்.

அக்பரின் மகன் ஜஹாங்கீர் கூர்ச்சர நாட்டிற்குச் சென்றபொழுது கம்பும் பருப்பும் சேர்த்து ஆக்கிய கிச்சடியைச் சுவைத்தார். அது அவருக்குப் பிடித்துப் போயிற்று. புலால் உண்பதில்லை என்று தாம் நோன்பு கொண்ட நாட்களில் அதனையே அடிக்கடிக் கொண்டுவருமாறு பணித்ததாகத் தம் வரலாற்று நூலில் அவரே எழுதியிருக்கின்றார். ஔரங்கசீப் தம் மகனுக்கு எழுதிய கடிதமொன்றில், குளிர்காலத்தில் மகனிடம் உண்ட கிச்சடியின் சுவையையும் பிரியாணியின் சுவையையும் ஒருங்கே நினைவுகூர்கின்றார். பேரரசரின் நாவில் பிரியாணிக்குச் சமமான ஆசனம் கிச்சடிக்குக் கிடைத்தது. அதே 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் சுற்றிய பிரெஞ்சு வணிகர் தவர்னியே, சாமானிய மக்களின் இரவு உணவாகவும் கிச்சடியைக் காண்கின்றார்.

பாமர மக்களின் நினைவிலோ அரசரைவிடப் பீர்பாலே கிச்சடிக்கு உரியவர். குளிர்ந்த நீரில் இரவெல்லாம் நின்ற ஏழைக்கு, தொலைவில் எரிந்த அரண்மனை விளக்கின் வெப்பம் கிட்டிற்று என்று காரணம் காட்டிப் பரிசு மறுக்கப்படுகிறது. உடனே பீர்பால் கிச்சடிப் பானையை உயரக் கட்டித் தொங்கவிட்டு, கீழே சிறு தீ மூட்டுகின்றார். விளக்கு அவனைச் சுட்டதானால் இந்தத் தீயும் பானையை வேகவைக்கும் என்கின்றார். இது வரலாறன்று, கதைதான். எனினும் ஏழைக்கு நீதி கேட்கக் கதை சொன்னவர்கள் பிரியாணிப் பானையைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

இனி, எனக்கு மிகவும் பொருள் பொதிந்ததாகத் தோன்றும் செய்தி ஒன்று. லக்னோவின் பழைய வாழ்வை எழுதிய அப்துல் ஹலீம் ஷரர், அந்நகரத்துச் சமையற்காரர் ஒருவரின் திறமையை விவரிக்கின்றார். அவர் வாதுமைப் பருப்பை அரிசிமணி போலவும், பிஸ்தாவைப் பயற்றம்பருப்புப் போலவும் சீவி, கிச்சடியாகவே தோன்றுமாறு சமைத்தாராம். திறமை வியக்கத்தக்கதுதான். ஆனால் எண்ணிப் பாருங்கள்: கிச்சடியைப் பெருமைப்படுத்தப் புகுந்தவர், அரிசியையும் நீக்கிவிட்டார், பருப்பையும் நீக்கிவிட்டார்! எளிய பொருளுக்கு நாம் செய்யும் மரியாதை பெரும்பாலும் இத்தகையதே. அதன் உருவத்தை வைத்துக்கொண்டு உயிரை மாற்றிவிடுகின்றோம். ஆங்கிலேயரும் இவ்வாறே செய்தனர். 'கெட்ஜரி' என்ற பெயரில் தம் நாட்டிற்குக் கொண்டு சென்று, புகையிட்ட மீனையும் அவித்த முட்டையையும் சேர்த்தனர். பருப்பு மறைந்தது, பெயர் எஞ்சியது.

வடநாட்டுப் பேச்சு வழக்கிலும் கிச்சடி பழிக்கு ஆளாயிற்று. ஒழுங்கின்றிக் கலந்த எதனையும் கிச்சடி என்பார்கள். மறைவில் சதி நடந்தால், 'கிச்சடி வேகிறது' என்பார்கள். அதே மக்கள்தாம், தயிர், அப்பளம், நெய், ஊறுகாய் ஆகிய நான்கும் கிச்சடியின் தோழர்கள் என்றும் கொண்டாடுகின்றார்கள். வீட்டினுள்ளே அன்பும் வெளியிலே ஏளனமுமாக நாம் நடத்துகின்ற பொருள்கள் உலகில் பல உண்டு. கிச்சடி அவற்றுள் ஒன்று.

நம் பொங்கலின் நிலை என்ன? தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் முதலாகப் பல கோயிற் சாசனங்களில், இறைவனுக்குரிய அமுதுக்கு அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, நெய் இவ்வளவு என்று அளவு வகுத்துப் பொறித்திருக்கின்றனர். கோயிலின் ஆதரவு கிடைத்ததால் பொங்கல் மதிப்புப் பெற்றது. அந்த ஆதரவு கிச்சடிக்கு இல்லையோ என்றால், அதுவும் தவறு. தைத் திங்கள் முதல் நாளில் நாம் பொங்கலிடுகின்றோம். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் அந்த மகர சங்கராந்தித் திருநாளுக்கே 'கிச்சடி' என்பது பெயர். அன்று கோரக்பூரிலுள்ள கோரக்நாதர் கோயிலில் மக்கள் திரள் திரளாகச் சென்று அரிசியும் பருப்பும் காணிக்கையாகப் படைக்கின்றனர். நாம் பண்டிகையின் பெயரால் உணவை அழைக்கின்றோமா, உணவின் பெயரால் பண்டிகையை அழைக்கின்றோமா? இரு திசைகளிலும் விடை ஒன்றே. உணவின் பெயரே நாளின் பெயராயிற்று. 'தெய்வத்திற்குப் படைக்கும் அமுது' என்று நான் பெருமை பேசிய பொங்கலை நாம் இடுகின்ற அதே நாளில், என் நண்பரின் ஊராரும் தெய்வத்தின் முன்னே அதே அரிசியையும் பருப்பையும் வைக்கின்றனர்.

பத்தியம் என்று நான் பழித்ததற்கும் விஞ்ஞானம் விடை கூறுகின்றது. நம் உடல் வளர்ச்சிக்கு இன்றியமையாத புரதக் கூறுகளுள் லைசின் என்பது அரிசியில் குறைவு, பருப்பில் மிகுதி. மெத்தியோனின் என்பது பருப்பில் குறைவு, அரிசியில் போதிய அளவு உண்டு. இரண்டும் ஒரே உணவில் சேரும்பொழுது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. இறைச்சியும் பாலும் வாங்க இயலாத கோடிக்கணக்கான வீடுகளில் குழந்தைகள் வளர்ந்ததற்கு இந்தச் சேர்க்கை பெருந்துணை புரிந்திருக்கின்றது. ஐந்து குழந்தைகளை வளர்த்த அந்தத் தாய்க்கு லைசின் என்ற பெயர் தெரியாது. எதை எதனோடு சேர்க்க வேண்டும் என்பது தெரியும்.

தில்லியிலேயே இந்த வழக்கு ஒரு முறை நாடறிய நடைபெற்றது. 2017ஆம் ஆண்டு நவம்பர் மாதம் உலக உணவு இந்தியா என்னும் கண்காட்சி இங்கு நிகழ்ந்தது. 4ஆம் தேதியன்று, சமையற்கலை வல்லுநர் சஞ்சீவ் கபூரின் மேற்பார்வையில் ஒரே கொப்பரையில் 918 கிலோ கிச்சடி சமைக்கப்பட்டு, கின்னஸ் சாதனையாகப் பதிவாயிற்று. அதற்குச் சில நாட்களுக்கு முன்பே, கிச்சடி தேசிய உணவாக அறிவிக்கப்படப் போகின்றது என்ற செய்தி பரவிவிட்டது. எங்கும் வாக்குவாதம்! பிரியாணி என்றனர் சிலர், இட்லி என்றனர் சிலர். நோயாளியின் உணவா தேசத்தின் உணவு என்று கேலி செய்தவர்களும் உண்டு. சாதனை முயற்சிக்காக மட்டுமே கிச்சடி தேர்ந்தெடுக்கப்பட்டது என்று, அப்பொழுது உணவு பதப்படுத்தும் தொழில்துறை அமைச்சராயிருந்த ஹர்சிம்ரத் கௌர் பாதல் விளக்கம் அளித்தார். வழக்கு தீர்ப்பின்றி முடிந்தது. அதுவும் நன்றே. பல மொழியும் பல நாவும் உள்ள நாட்டில் ஓர் உணவுக்குப் பட்டம் கட்டினால், மற்றவற்றிற்கு மனத்தாங்கல் உண்டாகும்.

எட்டு ஆண்டுகள் கழித்து மற்றொரு காட்சி. எகிப்து நாட்டில் 'கோஷரி' என்றோர் உணவு உண்டு. அரிசி, பருப்பு, மாக்கரோனி, தக்காளிக் குழம்பு, வறுத்த வெங்காயம் ஆகியவை சேர்ந்த அது, கெய்ரோவின் தெருக்களில் உழைப்பாளிகளின் பசி தீர்ப்பது. அதன் பெயரும் முறையும் நம் கிச்சடியிலிருந்து சென்றவை என்று பலர் கருதுகின்றனர். 2025ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் யுனெஸ்கோவின் குழு தில்லிச் செங்கோட்டையில் கூடியபொழுது, அந்தக் கோஷரி மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. தீபாவளித் திருநாளும் அதே கூட்டத்தில் அப்பட்டியலில் சேர்ந்தது. கிச்சடியின் தூரத்து உறவினருக்கு, கிச்சடி உண்ட பேரரசர்களின் கோட்டையிலேயே மாலை சூட்டப்பட்டது. எகிப்தியர் தங்கள் தெருவோர உணவைக் குறித்து வெட்கப்படவில்லை. அதில் வாதுமையையும் பிஸ்தாவையும் கலந்து கொண்டுவரவும் இல்லை. உள்ளது உள்ளபடியே உலகின் முன் வைத்தனர்.

நேயர்களே, என் வழக்கில் நான் தோற்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொங்கல் கிச்சடியாகிவிடாது, கிச்சடி பொங்கலாகிவிடாது. மிளகும் சீரகமும் முந்திரியும் மணக்கும் நம் பொங்கலின் தனிச்சுவையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. நான் தோற்றது சுவையைப் பற்றிய வாதத்தில் அன்று. எளியவர் உண்பதனால் ஓர் உணவு எளியதாகிவிடும் என்று எண்ணினேனே, அந்த எண்ணத்தில்தான்.

தை முதல் நாளன்று நண்பர் வீட்டிலிருந்து ஒரு மூடிய பாத்திரம் வந்தது. கறுப்பு உளுந்தும் அரிசியும் சேர்ந்த கிச்சடி, மேலே சிறிது நெய், அருகில் நான்கு தோழர்களுள் ஒருவராகிய ஊறுகாய். எங்கள் வீட்டுப் பொங்கலை அதே பாத்திரத்தில் நிரப்பித் திருப்பி அனுப்பினோம். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை என்ற வழக்கம் லக்னோவிலும் உண்டாம்.