சுங்கை பூலோவின் மதகுகள்

சிங்கப்பூரின் வடமேற்கு ஓரத்தில், ஜொகூர் நீரிணையை நோக்கிய கிராஞ்சிக் கரையில், சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம் அமைந்துள்ளது. மலாய் மொழியில் சுங்கை என்பது ஆறு. பூலோ என்பது மூங்கில். பெயர் மூங்கிலாறு ஆயினும், அங்குச் செல்வோர் கண்ணில் நிறைவன அலையாத்தி மரங்களே. அடுக்குமாடி வீடுகளிலிருந்து பேருந்தேறி வரும் மாணவர்கள், மனிதக் கை படாத காட்டைக் கண்டதாகவே எண்ணித் திரும்புதல் இயல்பு. வரலாறு அவ்வாறு கூறவில்லை.

இந்நிலத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் இறால் குளங்களாக இருந்தது. அலையாத்திக் காட்டைத் திருத்திச் சேற்றுமண்ணால் கரை எழுப்பிய பண்ணையாளர், குளமும் கடலும் கூடும் வாயில்களில் மதகுகளை அமைத்தனர். ஓதம் ஏறும்போது மதகைத் திறப்பர். கடல்நீரோடு இறால் குஞ்சுகளும் உட்புகும். அவை வளர்ந்தபின், ஓதம் வடியும் வேளையில் மதகின் வாயில் வலை கட்டி நீரை வெளியேற்றுவர். இறால் வலையில் தங்கிவிடும். கடலின் ஏற்றவற்றத்தையே கூலியில்லா வேலையாளாகக் கொண்ட தொழில் அது.

அக்குளங்களைத் தேடிப் பறவைகளும் வந்தன. செப்டம்பர் முதல் மார்ச் வரை, சைபீரியா போன்ற வடபுலங்களிலிருந்து ஆஸ்திரேலியா வரை நீளும் வான்வழியில் பறக்கும் உப்புக்கொத்திகளும் பவளக்கால் உள்ளான்களும் இங்கே இறங்கின. ஓதம் வடிந்த சேற்றில் அவை இரைதேடும். ஓதம் ஏறிச் சேறு மூழ்கியதும் கால் ஊன்ற இடம் வேண்டும். ஆழமற்ற குளங்களே அவ்விடத்தைத் தந்தன.

1986இல் மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் இதனைக் கண்டறிந்து, இப்பகுதியைக் காக்குமாறு அரசிடம் முறையிட்டனர். அங்குலம் அங்குலமாக நிலத்தைக் கணக்கிடும் சிறிய தீவில் அம்முறையீடு எளிதில் ஏற்கத்தக்கதன்று. எனினும் 1989இல் 87 எக்டர் நிலம் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1993 டிசம்பர் 6ஆம் நாள் அன்றைய பிரதமர் கோ சோக் தோங் அதனைத் திறந்து வைத்தார். 2002இல் 130 எக்டராக விரிந்து சட்டப் பாதுகாப்புடைய இயற்கைக் காப்பகமாயிற்று. மறு ஆண்டில் ஆசியான் மரபுடைமைப் பூங்காவெனவும் ஏற்கப்பட்டது.

பறவைகளைக் கண்டறிந்தோரின் தொண்டு போற்றற்குரியது. அது எழுதப்பட்டும் உள்ளது. ஆனால், கரை எழுப்பி மதகு வைத்தவர்கள் இவ்வரலாற்றில் ‘முன்னாள் இறால் பண்ணை’ என்னும் இரண்டு மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றனர். இது முறையன்று. அவர்கள் காட்டை அழித்தனர் என்பது உண்மை. அவர்கள் வெட்டிய குளங்கள் இன்றேல் பறவைகள் இத்துணைத் திரளாக இங்குத் தங்கியிரா என்பதும் அத்தகையதே. குளங்களைக் கவனியாது விட்டிருந்தால் சேறு மண்டி, அலையாத்தி மீண்டும் மூடியிருக்கும். பறவைக்கு நிற்க இடமிராது.

ஆதலின் மதகுகள் கைவிடப்படவில்லை. காப்பகப் பணியாளர் அவற்றை இன்றும் இயக்குகின்றனர். வெளியே ஓதம் உயர்ந்து சேற்றுவெளி மறையும் வேளையில், உள்ளே குளத்தின் நீர்மட்டம் தாழ்த்தப்பட்டிருக்கிறது. நீரிணையின் பக்கமிருந்து உள்ளான்கள் கூட்டமாக எழுந்து, கரையைக் கடந்து, அந்த ஆழமற்ற நீரில் வந்து இறங்குகின்றன.