அமர் சேவா சங்கம்

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் இயங்கும் மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வு நிறுவனம். 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டான 1981இல் இதைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயுடன் வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கர ராமன் பின்னர் செயலாளரானார்.

நிதித் தற்சார்பு: இத்தகைய அமைப்புகளுக்கு நன்கொடை, அரசு மானியம், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி ஆகியவை முக்கிய வரவுகள். நன்கொடையாளருக்கு வருமானவரிச் சட்டம் சலுகை தருகிறது. 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட நிதி வரம்பை எட்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மானியம் தாமதமானாலும் சிகிச்சை நிற்காதிருக்க, பல வரவுகளும் வைப்புநிதி வட்டியும் தேவை.

இராமகிருஷ்ணன் 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.