ஆர்.டி.இ. விமர்சகர் மேசையில் ஜானி ஜைல்ஸ்

அயர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.டி.இ.யில் கால்பந்து விமர்சனத்தின் பொற்காலம் 1986 மெக்சிகோ உலகக் கோப்பையோடு தொடங்கியது. ஆடி ஓய்ந்த நடுக்கள வீரர் ஜானி ஜைல்ஸ் அதன் விமர்சகர் மேசைக்கு வந்து சேர்ந்தது அந்த ஆண்டில்தான்.

ஜைல்ஸ் 1940இல் டப்ளினில் பிறந்தவர். பத்தொன்பது வயது நிறையுமுன்பே, 1959இல், ஸ்வீடனுக்கு எதிராக நாட்டின் சீருடை அணிந்தார். அறிமுக ஆட்டத்திலேயே கோலும் அடித்தார். 1963இல் மான்செஸ்டர் யுனைடெட்டோடு எஃப்.ஏ. கோப்பையை வென்ற கையோடு லீட்ஸ் யுனைடெட்டுக்கு மாறினார். லீட்ஸ் அப்போது இரண்டாம் டிவிஷன் அணி. அங்கே அவர் முதலில் விங்கர்தான். 1965இல் டூரின் நகரில் நடந்த ஆட்டத்தில், நடுக்களத்திலிருந்து லீட்ஸின் ஆட்டத்தை நடத்திவந்த பாபி காலின்ஸின் தொடையெலும்பு முறிந்தது. ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு ஜைல்ஸிடம் வந்தது. பில்லி பிரெம்னரும் அவரும் ஆண்ட நடுக்களம் 1969இலும் 1974இலும் லீட்ஸுக்கு லீக் பட்டம் பெற்றுத் தந்தது. நாட்டுக்காக 59 ஆட்டங்கள். 1973இல் ஆடிக்கொண்டே நாட்டணியின் மேலாளரும் ஆனார்.

விமர்சகராக அவர் பேசியதெல்லாம் இந்த அனுபவத்திலிருந்து விளைந்தது. அணி தடுமாறும்போது எந்த நடுக்கள வீரர் முன்வந்து பந்தைக் கேட்கிறார், எவர் எதிராளியின் பின்னால் மறைந்துகொள்கிறார் என்பதையே அவர் கண் தேடும். அழகான பாஸ் ஒன்றைவிட அந்தத் துணிவே அவருக்குப் பெரிது. நெருக்கடியில் பந்தை வாங்கிப் பழகியவருக்கே இந்தப் பார்வை வாய்க்கும்.

பில் ஓ'ஹெர்லிஹி நிகழ்ச்சியை நடத்துவார். ஈமன் டன்ஃபி அனலாகப் பேசுவார். 1990 உலகக் கோப்பையில் எகிப்துடன் கோலின்றி முடிந்த ஆட்டத்துக்குப் பின் அவர் பேனாவை வீசியதில் நாடே கொதித்தது. ஜைல்ஸோ குரல் உயர்த்தாமல் காரணம் சொல்வார். 1998இல் லியாம் பிரேடியும் சேர்ந்தார். 1974இல் சோவியத் யூனியனுக்கு எதிராக பிரேடியை முதன்முதலில் நாட்டணியில் களமிறக்கிய மேலாளர் இதே ஜைல்ஸ்தான்! ஜைல்ஸ், டன்ஃபி, பிரேடி மூவருமே நடுக்கள வீரர்கள். அதனால்தான் ஒரே ஆட்டத்தை மூன்று விதமாகப் பார்த்தாலும் அவர்களின் வாதம் வெற்றுச் சண்டையாகவில்லை.

2016 ஐரோப்பியக் கோப்பையோடு, முப்பது ஆண்டுப் பணி முடித்து ஜைல்ஸ் விடைபெற்றார். ஆர்.டி.இ. கண்ட கால்பந்து விமர்சகர்களுள் அவருக்கே முதலிடம் என்பது எம் துணிபு.